ஆணவக் கொலைக்கு இசையும் மனம்: ஒரு பரிசீலனை

கொலையைத் தாம் செய்யாதவர், செய்யும்படி பிறரைத் தூண்டாதவர், செய்தவனைத் தம் வீட்டுத் திண்ணையில் அமர்த்தவும் கூசுகிறவர், ஆயினும் செய்தி காதில் விழுந்தவுடன் “செஞ்சது தப்புத்தானுங்க, ஆனா பெத்தவங்க மனசு என்ன பாடு பட்டிருக்கும்?” என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போகிறவர், இத்தகைய மனிதரை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பது, ஆணவக் கொலை பற்றிய விசாரணைகளில் நெடுநாளாகக் கேட்கப்பட்டும் இன்னும் தெளிவு பெறாத வினாவாகும். கொலைகாரனின் உள்ளத்தை ஆராய்வதற்கு நீதிமன்றம் இருக்கிறது. கொலையை மன்னிக்கிற ஊராரின் உள்ளத்தை ஆராயும் பொறுப்பை மனோதத்துவ சாஸ்திரம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அவ்விசைவு ஒருவருடைய சுபாவத்திலிருந்து எழுகிறதா, அவர் வளர்ந்த வீட்டிலிருந்து எழுகிறதா, அன்றி அவர் சார்ந்த சமூகத்தின் மணவுறவு ஏற்பாட்டிலிருந்தே எழுகிறதா என்பதில்தான் அறிஞர்கள் பிரிகிறார்கள்.

கொங்கு நாட்டில் இது ஏட்டளவில் நின்றுவிடும் வினா அன்று. ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரியான கோகுல்ராஜ், தம்முடன் பயின்ற வேறு சாதிப் பெண் ஒருவருடன் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் பேசிக்கொண்டிருந்தது 2015 ஜூன் 23-இல். மறுநாள் அவருடைய உடல் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. அடுத்த ஆண்டு மார்ச் 13-இல், உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், பட்டியல் சாதியைச் சேர்ந்த சங்கரும் அவரை மணந்த கௌசல்யாவும் வெட்டப்பட்டனர். சங்கர் இறந்தார், கௌசல்யா பிழைத்தார். 2019 ஜூனில் மேட்டுப்பாளையத்தில், பட்டியல் சாதிப் பெண்ணை மணக்க முனைந்த தம்பியை அண்ணனே வெட்டினான், அப்பெண்ணும் உயிரிழந்தார். இம்மூன்று நிகழ்ச்சிகளிலும் கொலை செய்தவர் சிலரே. அவர்களைச் சுற்றி நின்ற அபிப்பிராயமோ பெரிது. கோகுல்ராஜ் வழக்கின் முதல் குற்றவாளி, சாதி அமைப்பொன்றின் தலைவர், தலைமறைவாக இருந்தபோதே ஒலிப்பதிவுகளை வெளியிட்டு, தொலைக்காட்சிக்கும் பேட்டியளித்து, பின்னர் 2015 அக்டோபரில் நாமக்கல் சி.பி.சி.ஐ.டி. அலுவலகத்தில் சரணடைய வந்தபோது அவரை வரவேற்க ஆதரவாளர் கூட்டம் திரண்டு நின்றது. அக்கூட்டத்தில் நின்றவர், வராமல் வீட்டிலிருந்தபடி தலையசைத்தவர், கேட்டு முகம் சுளித்தவர் ஆகிய மூவரையும் பிரிப்பது யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அதிகாரத்துக்குப் பணியும் மனம்

இவ்வினாவுக்கு முதன்முதலில் விரிவான விடை கூறியவர்கள், நாஜி ஜெர்மனியின் கொடுமையைக் கண்டு மனம் கலங்கிய அறிஞர்கள். தியோடர் அடார்னோ, எல்ஸ ஃப்ரெங்கல்-பிரன்ஸ்விக் முதலிய நால்வர் 1950-இல் வெளியிட்ட பெருநூல், மேலுள்ளாருக்குக் குழைந்து கீழுள்ளாரிடம் கடுமை காட்டும் ஒருவகை ஆளுமை உண்டென்றும், கடுந்தண்டனையும் நிபந்தனையுடன் கூடிய அன்பும் நிறைந்த பிள்ளை வளர்ப்பே அதனை உருவாக்குகிறதென்றும் வாதிட்டது. அவ்வாளுமைக்கு அவர்கள் கூறிய ஒன்பது லட்சணங்களுள் ஒன்று, பிறருடைய காம வாழ்வைப் பற்றிய மிதமிஞ்சிய கவலை. கோயில் மண்டபத்தில் ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் பேசிக்கொண்டிருந்ததைக் கண்டு, தமக்கு எவ்வகையிலும் உறவல்லாத அப்பெண்ணின் ‘மானத்தை’க் காக்கப் புறப்பட்டவர்களை நினைக்கையில், அந்த லட்சணம் மிகப் பொருத்தமாகவே தோன்றுகிறது.

ஆனால் நூல் வெளிவந்த நான்காண்டுகளுக்குள், கிறிஸ்டியும் யஹோடாவும் தொகுத்த கண்டனத் தொகுதி அதன் அஸ்திவாரத்தைத் தட்டிப் பார்த்தது. வினாக்கள் யாவும் ‘ஆம்’ என்றால் அதிகார மனம் எனப் பொருள்படும்படி அமைந்திருந்தமையால், எதற்கும் இசைந்து பேசும் பழக்கமுடையவர்கள், குறிப்பாகக் கல்வி குறைந்தவர்கள், காரணமின்றியே பாசிசச் சார்புடையவர்களாகக் கணிக்கப்பட்டார்கள். எந்தக் கேள்விக்கும் முதற்கண் ‘ஆமாங்க’ என்று தொடங்குவதை மரியாதையாகக் கொண்ட கொங்கு நாட்டில் அந்த அளவுகோலை அப்படியே கொண்டுவந்தால் என்ன விளையும் என்று சொல்லத் தேவையில்லை.

கனடாவின் பாப் ஆல்டமேயர் 1981-இல் இக்குறையைப் பெரிதும் நீக்கி, அதிகாரப் பணிவு, அதிகாரத்தின் பெயரால் காட்டும் ஆக்ரோஷம், சம்பிரதாயப் பற்று என்னும் மூன்றின் சேர்க்கையாக அவ்வாளுமையைச் சுருக்கினார். பிற்கால ஆய்வுகள் பெரும்பாலும் அவருடைய அளவுகோலையே பின்பற்றுகின்றன. எனினும் ஒரு சங்கடம் நீங்கவில்லை. பெரியவர் சொல்லைத் தட்டாமையும் சம்பிரதாயத்தைக் காத்தலும் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் நற்குணமாகப் போதிக்கப்படும் ஊரில், அவ்விரண்டையும் அளந்து பெறும் மதிப்பெண் ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுவதில்லை. ஊரின் வளர்ப்பு முறையையே திரும்ப வர்ணிக்கிறது. பிரித்துக் காட்டக்கூடியது நடுவிலுள்ள ஆக்ரோஷம் ஒன்றே.

அச்சமும் இகழ்ச்சியும்

பிராட்டோ, சிடானியஸ் முதலியோர் 1994-இல் வேறொரு பண்பை எடுத்துரைத்தார்கள். சமூகக் கூட்டங்களுக்குள் மேல் கீழ் இருப்பதே இயற்கை, அதுவே நன்று எனக் கருதும் நாட்டம் சிலரிடம் மிகுதியாகவும் சிலரிடம் குறைவாகவும் உண்டு என்பது அவர்கள் கொள்கை. நியூசிலாந்தின் ஜான் டக்கிட் 2001-இல் இவ்விரு கொள்கைகளையும் இணைத்து, வெறுப்புக்கு இரு வழிகள் உண்டென்றார். உலகம் அபாயகரமானது என அஞ்சுகிறவர் சம்பிரதாயத்தைப் பற்றிக்கொள்கிறார். உலகம் போட்டிக் களம் என எண்ணுகிறவர் மேலாண்மையைப் பற்றிக்கொள்கிறார். ஆளுமையின் ஐந்து பெரும் பரிமாணங்களோடு ஒப்பிடும்போது, புதியனவற்றை ஏற்கும் திறந்த மனம் குறைந்தவர்கள் முதல் வழியிலும், இணக்கமும் இரக்கமும் குறைந்தவர்கள் இரண்டாம் வழியிலும் செல்வதாக, 2008-இல் சிப்லியும் டக்கிட்டும் பல ஆய்வுகளைத் திரட்டிக் காட்டினார்கள்.

இப்பாகுபாடு நம் விஷயத்தில் பயனுடையது. ‘நாளைக்கு நாலு பேர் முன்னாடி எப்படி நிற்பேன்’ என நடுங்கும் தகப்பனாரும், ‘அவனுங்க நம்ம வீட்டுப் பொண்ணைத் தொடுறதா’ எனக் கொதிக்கும் சாதிச் சங்கப் பேச்சாளரும் ஒரே முடிவுக்கு வந்தாலும் ஒரே மனம் உடையவர்கள் அல்லர். முன்னவரை ஆட்டுவது அச்சம், பின்னவரை ஆட்டுவது இகழ்ச்சி. முன்னவர் ஊர் மாறினால் மாறக்கூடும். பின்னவர் ஊரை மாற்ற முயல்வார்.

ஆயினும் சுபாவத்தை மூலகாரணமாக்கும் எல்லாக் கொள்கைகளுக்கும் கொங்கு நாடே ஒரு வலுவான மறுப்பை அளிக்கிறது. பெண் சிசுக்களைப் பல்லாண்டுகள் தவிர்த்ததாலும், படித்த பெண்கள் காடு தோட்டம் பார்க்கும் மாப்பிள்ளையை விரும்பாததாலும், கொங்கு வேளாளக் குடும்பங்கள் பலவற்றில் முப்பது வயதைத் தாண்டியும் மகனுக்குப் பெண் அமையாத நிலை ஏற்பட்டது. அதன் விளைவாகப் பாலக்காடு முதலிய கேரளப் பகுதிகளிலிருந்து, வேறு மொழியும் வேறு சாதியும் உடைய பெண்களை மணமுடித்து அழைத்துவரும் வழக்கம் இருபது ஆண்டுகளாகப் பரவியிருக்கிறது. தரகர் வருகிறார், ஜாதகம் பார்க்கிறார்கள், சீர் நடக்கிறது, ஊரார் விருந்துண்கிறார்கள். சாதிக்கு வெளியே மணம் என்பதே ஒருவருடைய சுபாவத்தைக் கொதிக்கச் செய்யுமெனில், இத்திருமணங்கள் எவ்வாறு அமைதியாக நடந்தேறின? அதே பெற்றோர், அதே அச்சம், அதே சம்பிரதாயப் பற்று. மருமகள் பெரியவர்கள் தேடிக் கொணர்ந்தவள், வெளியூராள், அவள் சாதியை உள்ளூர் அளவுகோலில் எவரும் நிறுத்துப் பார்க்கவில்லை என்பதே வேறுபாடு. ஆனால் இதே நெகிழ்ச்சி மேட்டுப்பாளையத்துத் தம்பிக்குக் கிட்டவில்லை. அவர் விரும்பிய பெண் பட்டியல் சாதியினள், உள்ளூராள், அவரே தேர்ந்துகொண்டவள். எல்லைக்கோடு சாதிகளுக்கிடையே எங்கும் ஒரே அழுத்தத்துடன் வரையப்படவில்லை. தீண்டாமையின் விளிம்பிலும், மகளின் சுயவிருப்பத்திலும்தான் அது ஆழமாகக் கீறப்பட்டிருக்கிறது. ஆளுமையை மட்டும் அளக்கும் எந்த வினாத்தாளும் இந்தக் கோட்டின் வளைவுகளைக் காட்டாது.

மானம் என்னும் ஏற்பாடு

மானுடவியலாரின் விடை வேறு. பெரிஸ்டியானி 1965-இல் தொகுத்த நூல் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த சமூகங்களில் மானமும் வெட்கமும் குடும்பத்தின் பொதுச் சொத்தாக விளங்குவதை விவரித்தது. நிஸ்பெட்டும் கோஹனும் 1996-இல் அதனைச் சோதனைச் சாலைக்குள் கொணர்ந்தனர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தாழ்வாரத்தில் ஒருவன் வேண்டுமென்றே மோதி வசைச்சொல் கூறிச் செல்ல, அமெரிக்கத் தென்மாநில மாணவர்களின் உடலில் கோபத்தின் சுரப்புகள் உயர்ந்தன. வடமாநில மாணவர்கள் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. கால்நடை மேய்த்தவர்களின் சந்ததியில், திருட்டை அஞ்சி வளர்ந்த முரட்டு மானம் தலைமுறைகள் கடந்தும் தங்கியது என்பது அவர்கள் அனுமானம். மேய்ச்சல் வரலாற்றை உழவர் பூமியான கொங்குக்குப் பொருத்துவது கடினம்; அன்றியும் அவர்கள் கண்டது ஆண் தன்னை இகழ்ந்தவனிடம் காட்டும் சீற்றமே தவிர, தன் மகளிடம் காட்டுவது அன்று.

நமக்கு இன்னும் நெருங்கிய விடையை அம்பேத்கர் 1916-இலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் கூறிவிட்டார். சாதியின் சாரம் அகமணம். அகமணத்தைக் காப்பதற்குப் பெண்ணைக் காவலில் வைப்பது அவசியமாகிறது. இவ்வாதத்தின்படி மானம் ஓர் உணர்ச்சி என்பதைவிட, ஒரு ஸ்தாபனத்தின் பாதுகாப்பு ஏற்பாடு என்பதே பொருந்தும். காங்கேயம் வட்டாரத்தில் தங்கி ஆராய்ந்து பிரெண்டா பெக் 1972-இல் வெளியிட்ட நூல், அந்த ஸ்தாபனம் எவ்வளவு நுண்மையாக இயங்கியதென்பதைக் காட்டுகிறது. ஒரே கூட்டத்தார், அதாவது ஒரே குலவழியினர், ஒருவருக்கொருவர் பங்காளிகள், ஆதலால் மணம் கூடாது. சாதிக்கு அப்பாலும் கூடாது. இடையிலுள்ள ‘மாமன் மச்சான்’ வட்டத்துக்குள் பெண் கொடுத்து வாங்குவதன் வழியே நிலமும் நீரும் மதிப்பும் சுழன்றன. 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தமும், 2005-இல் மத்திய அரசின் திருத்தமும் மகளுக்குப் பூர்விகச் சொத்தில் சம உரிமை அளித்தபின், அவள் மணம் எவனோடு என்பது தோட்டத்தின் எல்லை எதுவரை என்பதோடு சட்டப்படியே இணைந்துவிட்டது. பெரியார் பிறந்த ஈரோட்டைச் சூழ்ந்த பூமியிலேயே, 1967-இன் சட்டத்தால் சுயமரியாதைத் திருமணம் செல்லுபடியான பின்னும், இவ்வேற்பாடு தளராததற்குச் சொத்தும் ஒரு காரணமாதல் கூடும்.

ஸ்தாபன வாதத்தின் பலவீனம், அது அனைவரையும் ஒரே அச்சில் வார்த்துவிடுவது. ஒரே கூட்டம், ஒரே அளவு நிலம், ஒரே கோயில். ஒரு வீட்டில் மகளை விலக்கிவைத்ததோடு நிறுத்துகிறார்கள், மறு வீட்டில் மூன்றாண்டு கழித்துப் பேரனைக் கண்டு மனம் இளகுகிறார்கள், எங்கோ ஒரு வீட்டில் அரிவாள் எடுக்கிறார்கள். இவ்வேறுபாட்டை ஸ்தாபனம் விளக்காது. ஜோர்டானின் அம்மான் நகரில் ஒன்பதாம் வகுப்பு மாணவர் 856 பேரிடம் ஐஸ்னரும் குனைமும் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே துணை செய்கிறது. மாணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவரும், மாணவிகளில் ஐந்தில் ஒருவரும் குடும்ப மானத்துக்காகப் பெண்ணைக் கொல்வதை நியாயப்படுத்தலாம் என்றனர். அவர்களைப் பிறரிடமிருந்து பிரித்தவை மதப்பற்றின் அளவன்று; ஆணாதிக்க உலகநோக்கு, பெண்ணின் கற்பு பற்றிய கடுமை, வன்முறைக்கு மனத்துக்குள்ளேயே சமாதானம் சொல்லிக்கொள்ளும் பழக்கம் ஆகியவை. மூன்றாவது கவனிக்கத்தக்கது, ஏனெனில் அது சுபாவமும் அன்று, சமூக விதியும் அன்று. இரண்டுக்கும் இடையே நின்று தரகு செய்யும் ஒரு பேச்சு முறை.

கேட்டால் கிடைக்கும் விடை

அப்பேச்சு முறை நம்மிடம் எத்தகைய வேடம் பூணுகிறது என்பதற்குத் தூரம் செல்ல வேண்டியதில்லை. 2024 ஆகஸ்டில், ‘கவுண்டம்பாளையம்’ என்னும் திரைப்படத்தை இயக்கி நடித்த ரஞ்சித், ஆணவக் கொலை வன்முறையன்று, பெற்றோரின் அக்கறையின் வெளிப்பாடே என்னும் கருத்தைப் பத்திரிகையாளரிடம் கூறினார், கண்டனங்கள் எழுந்தன. அவர் துவேஷத்தின் பாஷையைப் பயன்படுத்தவில்லை, வாத்ஸல்யத்தின் பாஷையைப் பயன்படுத்தினார் என்பதே முக்கியம். துவேஷத்தையும் ஆக்ரோஷத்தையும் அளக்கச் சமைக்கப்பட்ட அளவுகோல்கள் இந்த வாத்ஸல்யத்தைப் பிடிக்கமாட்டா. இணக்கமும் இரக்கமும் மிக்கவர் என மதிப்பெண் பெறும் ஒருவரே, அந்த இரக்கத்தைப் பெற்றோர்பால் முழுவதும் செலுத்திவிட்டு, இறந்தவருக்கு ஒன்றும் மிச்சம் வைக்காதிருத்தல் கூடும்.

கேள்வியை எங்கே நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தும் விடை மாறுகிறது. ‘கொல்வது சரியா’ என்றால் அநேகமாக எல்லாரும் மறுப்பார்கள். ப்யூ ஆய்வு மையம் 2019-20-இல் இந்தியாவெங்கும் ஏறத்தாழ 30,000 பேரிடம், தம் சாதியினர் வேறு சாதியில் மணப்பதைத் தடுப்பது எவ்வளவு முக்கியம் என்று வினவியபோது, பெண்கள் அவ்வாறு மணப்பதைத் தடுப்பது மிக முக்கியம் என்றவர் நூற்றுக்கு 64, ஆண்கள் என்றால் 62. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், குறிப்பிட்ட ஏழு சந்தர்ப்பங்களுள் ஏதேனும் ஒன்றில் கணவன் மனைவியை அடிப்பது தகும் என்றவர் பெண்களில் நூற்றுக்கு 45, ஆண்களில் 44. கொலையை மறுத்து, அடியை ஏற்று, தடையை வற்புறுத்தும் இந்தப் படிவரிசையில் எந்தப் படியை ‘மனப்பான்மை’ என்று எடுத்துக்கொள்வது?

ஆய்வாளர்கள் வினாத்தாளை யாரிடம் நீட்டுகிறார்கள் என்பதும் சிந்திக்கத்தக்கது. மனோதத்துவ ஆய்வுகளில் பெரும்பகுதி உலகெங்கும் கல்லூரி மாணவர்களிடமே நடக்கிறது. கோவையில் அவ்வழியே போனால் பீளமேட்டில்தான் போய் நிற்க வேண்டும். 1926-இல் தொடங்கிய பூ.சா.கோ. அறநிலையமும், 1951-இலும் 1956-இலும் எழுந்த பொறியியல் கல்லூரிகளும் பஞ்சாலைகளின் நடுவே அவினாசி சாலையோரம் உருவாக்கிய இந்த உலகத்தில், ஒரே ஆய்வுக்கூட மேசையில் பல சாதிப் பிள்ளைகள் நிற்கிறார்கள். ‘சாதி பார்ப்பதில்லை’ என்ற விடை அங்கே எளிதில் கிடைக்கும், அதில் பெரும்பகுதி உண்மையாகவும் இருக்கும். ஆனால் கோகுல்ராஜும் சங்கரும் காதலுக்கும் நட்புக்கும் உரிய துணையைக் கண்டது பொறியியல் கல்லூரியில். தண்டனையைக் கண்டது கல்லூரிக்கு வெளியே. 1934-இல் தம் ஆய்வை வெளியிட்ட லாபியர் என்ற அமெரிக்கர், அதற்குமுன் சீனத் தம்பதியருடன் நாடெங்கும் சுற்றி ஏறத்தாழ 250 விடுதிகளிலும் உணவகங்களிலும் நுழைந்தபோது ஓரிடத்தில் மட்டுமே விரட்டப்பட்டார். பின்னர் கடிதம் எழுதிக் கேட்டபோது விடையளித்தவர்களில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டோர் சீனரை ஏற்கமாட்டோம் என்றனர். சொல் கொடியதாயும் செயல் மெல்லியதாயும் இருந்தது அங்கே. இங்கே அது தலைகீழாகவே இருக்கலாம் என ஐயுறக் காரணமுண்டு.

இறுக்கமும் தளர்ச்சியும்

இவ்வளவு வாதங்களுக்கிடையே ஒரு சமரசம் சாத்தியமெனில், அது வால்டர் மிஷெல் 1968 முதல் வற்புறுத்திவந்த கருத்தின் வழியே வரலாம் என்பது என் அபிப்பிராயம். சூழ்நிலை வலுவாக ஆணையிடும் இடத்தில் எல்லாரும் ஒரே விதமாக நடப்பார்கள், சுபாவத்துக்கு வேலையில்லை. சூழ்நிலை மங்கலாக இருக்குமிடத்தில்தான் ஒருவர் குணம் வெளிப்படும். மிஷெல் கெல்ஃபண்ட் குழுவினர் 33 நாடுகளை ஒப்பிட்டு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், விதிகள் இறுகிய நாடுகளின் வரிசையில் இந்தியாவும் மேலிடம் பெற்றது. ஆனால் கொங்கு நாடு முழுவதும் ஒரே இறுக்கத்தில் இல்லை.

கூட்டமும் கோயிலும் நிலமும் ஒன்றாயிருந்த பழைய ஊரில், மகள் வேறு சாதியில் மணந்தால் என்ன செய்வது என்பதைத் தகப்பனார் முடிவு செய்யவேண்டியதில்லை; ஊர் முடிவு செய்தது. திருப்பூர்ப் பனியன் ஆலைகளும், கோவைப் பம்புசெட்டுப் பட்டறைகளும், பீளமேட்டுக் கல்லூரிகளும் அந்தக் கட்டை அவிழ்த்தபின், முடிவு முதன்முறையாகத் தகப்பனாரின் கையில் வந்து விழுந்திருக்கிறது. அவர் அஞ்சுபவரா, இகழ்பவரா, இளகுபவரா என்பது இப்போதுதான் மகளின் உயிரோடு தொடர்புடைய செய்தியாகிறது. இவ்வநுமானம் சரியெனில், ஆளுமைக்கும் இம்மனப்பான்மைக்கும் உள்ள தொடர்பு எங்கும் ஒரே அளவினதாக இராது. இறுகிய ஊரில் மெலிந்தும், தளரும் ஊரில் வலுத்தும் காணப்பட வேண்டும். சாதிச் சங்கங்கள் அண்மைப் பதிற்றாண்டுகளில் இவ்வளவு உரக்கப் பேசுவதையும், தளர்ந்த விதியைச் செயற்கையாக மீண்டும் இறுக்கும் முயற்சியென இவ்வொளியில் வாசிக்கலாம். வாசிக்கலாம் என்றுதான் சொல்கிறேன். நிரூபணமாகிவிட்டது என்று சொல்லவில்லை.

இன்னும் தீராதவை

முதலாவது, பெண்களின் மனப்பான்மை. அம்மான் மாணவிகளில் ஐந்தில் ஒருவர் இசைந்ததும், இந்தியப் பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அடியை ஏற்றதும், ஆக்ரோஷச் சுபாவத்தாலோ மேலாண்மை நாட்டத்தாலோ எளிதில் விளங்குவன அல்ல. மகளின் மீறலுக்கு ஊர் முதலில் குற்றம் சுமத்துவது தாயின் வளர்ப்பின்மீது என்பதை எந்த ஆளுமைக் கொள்கையும் இன்னும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது, தண்டனையின் விளைவு. உடுமலை வழக்கில் 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூனில் உயர்நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தையை விடுவித்து, ஐவரின் தண்டனையைக் குறைத்தது. கோகுல்ராஜ் வழக்கில் சாட்சிகள் பிறழ்ந்ததன் நடுவே விசாரணை மதுரைக்கு மாற்றப்பட்டு, 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு அவர்களுள் பெரும்பாலோருக்கு அது உறுதியும் ஆயிற்று. மேட்டுப்பாளையத்து அண்ணனுக்குக் கோவைச் சிறப்பு நீதிமன்றம் 2025 ஜனவரியில் மரண தண்டனை அளித்தது. இத்தீர்ப்புகள் அஞ்சுகிறவரைப் பின்வாங்கச் செய்தனவா, இகழ்கிறவருக்குத் தியாகிகளை அளித்தனவா? டக்கிட்டின் இரு வழிகளும் இங்கே எதிரெதிரான விடைகளை எதிர்பார்க்கின்றன. ஆதலால் பொதுமக்களை ஒரே தொகையாக எடுத்துச் சராசரி காண்பவர் இரண்டையும் தவறவிடுவார்.

மூன்றாவது, காலம். தமிழ்நாடு அரசு 2025 அக்டோபரில், தனிச் சட்டத்துக்கான பரிந்துரை செய்ய ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் ஒன்றை அறிவித்தது. சட்டம் அபிப்பிராயத்தை மாற்றுமா, அபிப்பிராயம் மாறினாலன்றிச் சட்டம் செல்லாதா என்னும் பழைய தர்க்கத்தைச் சோதிக்கத்தக்க அரிய சந்தர்ப்பம் இது. அதற்குச் சட்டம் நடைமுறைக்கு வருமுன் ஓர் அளவும், வந்து சில ஆண்டுகள் சென்றபின் அதே குடும்பங்களில் மற்றோர் அளவும் எடுக்கவேண்டும். பீளமேட்டு வகுப்பறைகளில் மட்டுமன்றித் திருச்செங்கோட்டிலும் உடுமலையைச் சூழ்ந்த கிராமங்களிலும் எடுக்கவேண்டும். கொலையைப் பற்றி மட்டும் கேளாமல், தடையைப் பற்றியும், விலக்கி வைப்பதைப் பற்றியும், அக்கறை என்று எதனைச் சொல்கிறார்கள் என்பதைப் பற்றியும் தனித்தனியே கேட்கவேண்டும்.